கையில் இருப்பது அபூர்வமா, வெறும் பழசா? பரிசுக் கார்ட்களை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, இது எவ்வளவு போகும்?" ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வட்ஸ்அப்பில் வரும், போட்டிப் பரிசாகவோ சேகரிப்புக்காகவோ வெளியிட்ட கார்ட்களின் படங்களுக்குக் கீழே இருக்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். படம் மங்கலாக இருக்கும், பின்பக்கம் இருக்காது, கார்டின் கீழ் ஓரத்தை விரல் மறைத்திருக்கும். விலை சொல்லத் தேவையான விஷயம் முக்கால்வாசி அந்த மறைந்த இடத்தில்தான் இருக்கிறது.

விலை கடைசியாகக் கேட்க வேண்டியது. இது என்ன கார்ட், அசலா, உலகத்தில் எத்தனை இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கிறது என்ற நான்குக்கும் முதலில் பதில் வேண்டும், அதுவும் இதே வரிசையில். போலிக் கார்டின் மூலைகளை லென்ஸ் வைத்து அளந்து என்ன பயன்?

மலையகத்தில் கைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வகை: வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த போக்கிமொன் என்ற ஜப்பானிய விளையாட்டின் கார்ட், கிரிக்கெட் கார்ட், பழைய துரை பங்களாச் சாமான்களோடு வந்த சிகரெட் கார்ட் (சிகரெட் பைக்கற்றுக்குள் போட்டுக் கொடுத்த படக் கார்ட்). உதாரணங்களையும் அவற்றிலிருந்தே எடுக்கிறேன்.

1. தொடுவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

மெல்லிய பிளாஸ்டிக் உறைகள், கார்டை வளையாமல் வைக்கும் தடித்த பிளாஸ்டிக் உறை, நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ், மில்லிமீட்டர் அடிமட்டம், போன் டோர்ச். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உறை வாங்கும்போது பி.வி.சி. இல்லாதது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். புத்தகத்துக்கு அட்டை போடும் மலிவு பிளாஸ்டிக் காலப்போக்கில் பிசுபிசுத்து, கார்டின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் வேண்டும். பார்க்கப்போகும் கார்டின் அதே தொகுதியை, அதாவது நிறுவனம் ஒன்றாக வெளியிட்ட அதே கார்ட் வரிசையைச் சேர்ந்த, நிச்சயமாக அசலான, மலிவான ஒரு சாதாரணக் கார்ட். போலியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும்.

2. முதலில் உறைக்குள் போடுங்கள்

கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, ஓரங்களைப் பிடித்து எடுத்து, மெல்லிய உறையில் போடுங்கள். ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு. நிறையக் கார்ட்கள் மதிப்பை இழப்பது அலுமாரிக்குள் கிடந்த வருடங்களில் அல்ல. 'இது பெறுமதியானதாம்' என்று கேள்விப்பட்ட அன்று பின்னேரம், வீட்டில் எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கும்போதுதான்.

துடைக்காதீர்கள். ஈரத்துணி, ஸ்பிரிட், அழிறப்பர் எதுவும் வேண்டாம். அழுக்கோடு உள்ள கார்டை வாங்க ஆள் இருக்கும். தேய்த்த கார்ட் லென்ஸில் உடனே தெரிந்துவிடும்.

லேமினேட் பண்ணவே பண்ணாதீர்கள். 'பழுதாகாமல் இருக்கட்டும்' என்று கொமியுனிகேஷன் கடையில் கொடுத்து, பிறப்புச் சான்றிதழ் மாதிரிச் சூட்டில் ஒட்டிக் கொண்டுவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கார்ட் அத்தோடு முடிந்தது.

பழைய சிகரெட் கார்ட்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். 1930களில் பிளேயர்ஸ் நிறுவனம் அல்பத்தில் ஒட்டுவதற்கு வசதியாகப் பின்பக்கத்தில் பசை தடவிய கார்ட்களை வெளியிட்டது. நுவரெலியா ஈரத்துக்கு அந்தப் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் ஒன்றின் முகம் மற்றதின் முதுகோடு வந்துவிடும்.

3. கீழ் ஓரத்தைப் படியுங்கள்

கார்டின் அடையாளம் படத்தில் இல்லை, அடியில் உள்ள பொடி எழுத்தில் இருக்கிறது. பிக்காச்சு என்ற போக்கிமொன் பாத்திரத்தின் ஒரே படம் பல தொகுதிகளில் வந்திருக்கும். எந்தத் தொகுதி, எந்த அச்சு, எந்த மொழி என்று தெரியாமல் விலை தேடினால் வேறொரு கார்டின் விலைதான் கிடைக்கும்.

போக்கிமொன் கார்டில் முதலில் பார்க்க வேண்டியது எண். '4/102' என்றால் 102 கார்ட் உள்ள தொகுதியில் நான்காவது. முதல் எண் இரண்டாவதை விடப் பெரிதாக இருந்தால் அது தொகுதிக்கு மேலதிகமாக அச்சிட்ட இரகசிய வகை. பக்கத்தில் உள்ள குறி அடுத்தது: வட்டம் சாதாரணம், வைர வடிவம் அதற்கு மேல், நட்சத்திரம் அரிது.

அந்த நட்சத்திரத்தை நம்பித் துள்ள வேண்டாம். தேயிலைப் பெட்டியில் பி.ஓ.பி. என்று போட்டிருப்பது இலையின் அளவைத்தான் சொல்லும், சாயத்தின் ருசியைச் சொல்லாது. இதுவும் அப்படித்தான். நிறுவனம் தன் தொகுதிக்குள் பிரித்த பிரிவு அது, சந்தை கொடுத்த மதிப்பல்ல.

1999இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுதியில் இன்னும் ஒரு படி உண்டு. படத்துக்கு இடப்பக்கம் கீழே முதற்பதிப்பு முத்திரை இருக்கிறதா? படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழல் விழுந்திருக்கிறதா? முத்திரை உள்ளது ஒன்று, முத்திரையும் நிழலும் இல்லாதது ஒன்று, நிழல் உள்ள பொது அச்சு ஒன்று. மூன்றுக்கும் ஒரே படம், விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இங்கே வந்து சேர்பவை பெரும்பாலும் மூன்றாவது வகை.

புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. '23/102' என்று பார்த்துவிட்டு 'உலகத்திலேயே 102தான் இருக்கிறது, என்னுடையது 23ஆவது' என்பார்கள். எண்ணிக்கையைக் குறிக்கும் வரிசை எண் வேறு. அது விளையாட்டு வீரர் கார்ட்களில் அதிகம் வரும், பெரும்பாலும் மினுக்கத் தாளிலோ தனியாகவோ அழுத்தப்பட்டிருக்கும், ஒவ்வொரு பிரதியிலும் மாறும். தொகுதி எண் மற்ற எழுத்துகளைப் போல மையில் அச்சாகி, எல்லாப் பிரதியிலும் ஒன்றாகவே இருக்கும்.

4. எந்த வகைப் பரிசு என்று பிரியுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ஏமாற்றமும் ஏமாற்றும் இங்கேதான் அதிகம். 'பரிசு', 'சாம்பியன்ஷிப்' என்ற எழுத்துகள் கார்டில் இருப்பதால் மட்டும் அது ஒரு வெற்றியாளர் மேடையில் வாங்கியதாகிவிடாது.

உச்சியில் இருப்பவை உண்மையான வெற்றிக் கார்ட்கள். 1997இல் ஜப்பானில் நடந்த போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குக் கொடுத்த தங்க, வெள்ளி, வெண்கலக் கோப்பை ஏந்திய பிக்காச்சு இந்த வகை. 1997, 1998ஆம் ஆண்டுகளில் கோரோகோரோ என்ற ஜப்பானிய இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குக் கொடுத்த 'இலஸ்ட்ரேட்டர்' பிக்காச்சு இன்னொன்று. போட்டிகளின் வழியாக அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 39. அதில் மிக உயர்ந்த தரம் பெற்ற ஒன்றை 2021இல் அமெரிக்க யூடியூபர் லோகன் போல் 5.275 மில்லியன் டொலர் பெறுமதிக்கு வாங்கினார். இவை எல்லாம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சேகரிப்பாளர்கள் பின்தொடரும் கார்ட்கள். பதுளைச் சந்தையில் பழைய சாமான் கடையில் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம்.

அடுத்தது நிகழ்வு முத்திரை உள்ளவை. தொகுதி வெளியாகும் முன் நடக்கும் போட்டிகளில் கொடுத்தவை, போட்டி நடத்தியவர்களுக்கு 'ஸ்டாஃப்' (ஊழியர்) என்ற முத்திரையோடு கொடுத்தவை போன்றவை. நடத்தியவர்கள் ஆடியவர்களை விடக் குறைவு, ஆகவே 'ஸ்டாஃப்' முத்திரை பொதுவாக அதிகம் போகும். இவை நடுத்தர அபூர்வம்.

மூன்றாவது, கடைகளில் நடக்கும் போட்டிகளில் கலந்துகொண்டவர்களுக்குக் கிடைக்கும் பரிசுப் பொதிகளில் வருபவை. போட்டி அமைப்பின் சின்னம் படத்தில் குத்தப்பட்டிருக்கும். பரிசுதான், சந்தேகமில்லை. ஆனால் ஊருக்கு ஊர் கொடுத்தால் எண்ணிக்கை எங்கே குறையும்? பெரும்பாலானவற்றின் விலை சாதாரண அச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

நான்காவதுதான் ஆளை விழுத்துவது. உலக சாம்பியன்ஷிப்பில் வென்றவர்கள் ஆடிய கார்ட் கட்டுகளைப் போக்கிமொன் நிறுவனம் 2004 முதல் நகலெடுத்துக் கடையில் விற்றுவருகிறது. முன்பக்கத்தில் வீரரின் கையொப்பம் அச்சாகியிருக்கும், பின்பக்கம் வழக்கமான கார்ட் போல இருக்காது, போட்டியில் பயன்படுத்தவும் முடியாது. மெஜிக் என்ற இன்னொரு கார்ட் விளையாட்டிலும் தங்க நிற ஓரத்தோடு இப்படி வந்தவை உண்டு. கையொப்பத்தைப் பார்த்ததும் 'சாம்பியன் கைப்பட ஒப்பமிட்டது' என்று நினைத்துவிடுகிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

பழைய பரிசுக் கார்ட் என்று யாராவது விற்க வந்தால் கேளுங்கள்: எந்தப் போட்டி, எந்த வருடம், யாருக்குக் கிடைத்தது, அவரிடமிருந்து உங்களுக்கு எப்படி வந்தது? பரிசுக் கார்டின் மதிப்பில் பெரிய பங்கு இந்தக் கதைக்குத்தான், அதைக் காட்டும் கடிதம், படம், தபால் உறை ஆகியவற்றுக்கும் சேர்த்து. கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டுக் கார்டை மட்டும் பத்திரப்படுத்துவது கைக்காசைத் தூக்கி எறிவது.

5. அசலா என்று பாருங்கள்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஃபேன்சி கடைகளில் தொங்கும் தங்க நிறப் பிளாஸ்டிக் போக்கிமொன் கார்ட்களுக்கு இந்தப் படி தேவையில்லை. அவை போலி. பிள்ளைகள் விளையாடட்டும்.

மற்றவற்றை அந்த அசல் சாதாரணக் கார்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பின்பக்க நிறம், எழுத்தின் தடிப்பு, மூலை வளைவு மூன்றையும் பாருங்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் தனியாகப் பார்த்தால் எந்தப் போலியும் அசல் மாதிரிதான் தெரியும், கண் எளிதாகச் சமாதானமாகிவிடும்.

பிறகு லென்ஸ். அசலில் படம் நிறப் புள்ளிகளால் ஆனது, ஆனால் கறுப்பு எழுத்து கெட்டியான கறுப்பாக இருக்கும். ஸ்கேன் பண்ணி அச்சிட்ட போலியில் எழுத்துமே புள்ளிகளாகச் சிதறி, விளிம்பு கலங்கியிருக்கும். ஒரு சோதனைக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

போக்கிமொன் கார்டின் அளவு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். எடை ஏறக்குறைய 1.7 முதல் 1.8 கிராம். ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு வெள்ளை அடுக்குக்கு நடுவில் மெல்லிய கருங்கோடு தெரியும். பின்னால் டோர்ச் அடித்தால் போலி பொதுவாக அதிக வெளிச்சம் விடும். இவற்றில் எதையும் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஈரம் குடித்த கார்ட் கொஞ்சம் கூட எடை காட்டும், மினுக்கத் தாள் உள்ளது வெளிச்சத்தை வேறு மாதிரி விடும்.

கிழித்துப் பார்க்கும் சோதனை, வளைத்துப் பார்க்கும் சோதனை என்று வீடியோக்களில் காட்டுவார்கள். அசல் என்று தெரிந்த நொடியில் கார்ட் இருக்காது.

காசு வாங்கிக் கார்டை ஆராய்ந்து, 10 வரை தரம் போட்டு மூடித்தரும் நிறுவனங்கள் உண்டு; அப்படித் தரமிடும் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தாலும் சரிபார்க்க வேண்டும். பெட்டியில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போடுங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது, உண்மையான எண்ணைத் திருடிப் போட்ட போலிப் பெட்டிகளும் உண்டு. தளத்தில் படம் இருந்தால் கீறல், ஓர வெள்ளை, படம் சாய்ந்திருக்கும் விதம் எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

6. எத்தனை இருக்கின்றன, எத்தனை பேருக்கு வேண்டும்

பழசு வேறு, அபூர்வம் வேறு. இதற்கு நமக்கு மிகவும் பக்கத்தில் உள்ள சாட்சி புரூக் பொண்ட் தேயிலை நிறுவனம். 1954 முதல் 1999 வரை பிரிட்டனில் தேயிலைப் பைக்கற்றுகளுக்குள் படக் கார்ட் போட்டு விற்றார்கள். இங்கே பறித்த கொழுந்தும் அந்த வியாபாரத்தில் சேர்ந்துதான் கப்பல் ஏறியது. கார்ட்கள் அழகு, நமக்கு மனசுக்கு நெருக்கமும்கூட. ஆனால் வீட்டுக்கு வீடு சேர்த்துவைத்ததால் முழுத் தொகுதிகளே இன்றும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு: மிகக் குறைவாகவே இருக்கும், கேட்க ஆள் இருக்காது. ஆகவே இரண்டையும் தேட வேண்டும். தரமிடும் நிறுவனங்கள் தாங்கள் பார்த்த கார்ட்களின் எண்ணிக்கையைத் தரவாரியாக வெளியிடுகின்றன. அது தரமிட வந்தவற்றின் கணக்கு மட்டுமே. மலிவான கார்டை யாரும் காசு கொடுத்துத் தரமிட அனுப்புவதில்லை, அதனால் அங்கே எண்ணிக்கை குறைவாகத் தெரியும். அதை அபூர்வம் என்று வாசிப்பது பெரிய பிழை.

ஆசை எங்கே குவியும் என்பதற்கும் ஒரு போக்கு உண்டு. விளையாட்டு வீரர் என்றால் ஆரம்ப காலக் கார்ட்களுக்கே கிராக்கி. கண்டியில் பிறந்த முரளிதரன் 1992இல் டெஸ்ட் ஆட வந்து 2010இல் 800 விக்கெட்டோடு விடைபெற்றார். சாதனைக்குப் பிறகு வந்த கார்ட்களை எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள். அவர் புதுமுகமாக இருந்த காலத்துக் கார்டைப் பத்திரப்படுத்தியவர்கள் குறைவு. தேடுவதானால் அந்தப் பக்கம் தேடுங்கள்.

7. நிலைமையை அளவிடுங்கள்

பார்ப்பது நான்கு: மையம் (படம் கார்டின் நடுவில் இருக்கிறதா என்பது), மூலை, ஓரம், மேற்பரப்பு. சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், ஜன்னலோரம் நல்லது. நேர் வெளிச்சத்தில் கீறல் ஒளிந்துகொள்ளும்.

மையத்தைக் கண்ணால் பார்த்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லாமல் அளந்துவிடுங்கள். இடப்பக்க ஓரம் 3.5 மி.மீ., வலப்பக்கம் 2.5 மி.மீ. என்று வைப்போம். கூட்டினால் 6. 3.5ஐ 6ஆல் வகுத்தால் 58 சதவீதம், அதாவது 58/42. பி.எஸ்.ஏ. என்ற தரமிடும் நிறுவனத்தின் உச்சத் தரமான 10க்கு முன்பக்கம் சுமார் 55/45, பின்பக்கம் 75/25க்குள் இருக்க வேண்டும். ஆக, பளபளவென்று இருந்தாலும் இந்தக் கார்ட் 10க்கு எட்டுவது கஷ்டம். மேல் கீழ் ஓரங்களையும் இப்படியே அளக்க வேண்டும்.

மூலையில் வெள்ளை தெரிகிறதா என்று பின்பக்கத்தில் பாருங்கள், அங்கேதான் முதலில் தெரியும். மடிப்புக் கோடு இருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் தரம் கீழே போய்விடும்.

இதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? டொப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டு மிக்கி மேன்டில் பேஸ்போல் கார்ட் ஒன்று, 9.5 தரத்தில், 2022 ஓகஸ்டில் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. அதே கார்டின் தேய்ந்த பிரதிகள் பல்லாயிரம் டொலர் அளவிலேயே விற்கின்றன. இரண்டிலும் ஒரே படம்.

உங்கள் கார்டுக்கு நீங்களே தரம் போடும்போது மனசில் வருவதிலிருந்து ஒன்று, இரண்டு குறைத்து எழுதுங்கள். சொந்தக் கார்டை யாரும் கடுமையாகப் பார்ப்பதில்லை.

8. இப்போது விலை

ஈபே போன்ற தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம். யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டு, அண்மைய விற்பனைகளை மட்டும் பாருங்கள்.

ஒப்பிடும்போது தொகுதி, அச்சு, மொழி, தரம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஜப்பானிய அச்சின் விலையை ஆங்கில அச்சுக்குப் பொருத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. கிடைத்த விற்பனைகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள்.

ரூபாவுக்கு மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் தளக் கட்டணம், தபால், காப்புறுதி எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். உண்மையான உச்சப் பரிசுக் கார்டுக்கு ஒப்பிட விற்பனையே கிடைக்காது, சில வேளைகளில் வருடக்கணக்கில் ஒன்றும் கைமாறியிருக்காது. அதற்கு ஏல நிறுவனத்திடம் நேரே மதிப்பீடு கேட்பதுதான் வழி, நாமே ஒரு எண்ணைக் கட்டிவிடுவதில் அர்த்தமில்லை.

9. தரமிட அனுப்புவதா?

கணக்கு எளிது. 10 கிடைக்கும் என்று போடாமல் 8 கிடைக்கும் என்று போடுங்கள். அந்த விலையில் தரமிடும் கட்டணம், போகவர அனுப்பும் செலவு, திரும்பி வரும்போது சுங்கத்தில் வரக்கூடிய செலவு எல்லாம் கழித்து மிச்சம் இருந்தால் அனுப்பலாம். இல்லையென்றால் உறையிலேயே இருக்கட்டும்.

அனுப்பும் முன் நான்கு மூலைகளும் தெரிய முன்னும் பின்னும் படம் எடுங்கள். வழியில் சேதமானால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். பதிவுத் தபாலில் போடுகிறீர்கள் என்றால் சுங்கப் படிவத்தில் உண்மையான பெறுமதியை எழுதுங்கள். குறைத்து எழுதினால் தொலைந்த பிறகு அந்தக் குறைந்த தொகையைத்தான் கேட்க முடியும். கனடாவுக்கோ லண்டனுக்கோ போகும் சொந்தக்காரர் இருந்தால் கைப்பையில் கொடுத்துவிடுங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.

உள்ளூரில் விற்பதென்றால் ஒன்றே ஒன்று: 'காட்டிவிட்டுத் தருகிறேன்' என்று கேட்பவரிடம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

10. மலைக் குளிரில் வைத்திருப்பது

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கந்தப்பளை, தலவாக்கலைப் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் உடுப்பே காய்வதில்லை. மினுக்கத் தாள் கார்ட் வளைவதற்கும் அதுவே காரணம். கடதாசி ஈரம் குடித்து விரியும், மேலே உள்ள பிளாஸ்டிக் படலம் விரியாது, இரண்டும் இழுபறிப்பட்டுக் கார்ட் வில்லாகிவிடும்.

வளைந்ததை ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்க்காதீர்கள், அடுப்பு மேடையில் காயவைக்காதீர்கள். விறகுப் புகை கடதாசியில் ஏறினால் போகாது. உறையோடு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதியோடு வைத்துச் சில நாட்கள் பொறுங்கள். ஈரம் மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் தானாக நிமிரும்.

நிரந்தரமாக வைக்கும் டப்பாவிலும் சிலிக்கா ஜெல் வேண்டும், உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே போட்டால் ஊகிக்கத் தேவையில்லை. நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால், மாறியதும் எடுத்துக் காயவைத்து மறுபடி போடலாம்.

பூச்சி உருண்டை போட வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக் உறையைப் பழுதாக்கும். டப்பாவைத் தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரணிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். லயத்து வீடானாலும் சரி, கல் வீடானாலும் சரி, உட்சுவர்ப் பக்கம் இருக்கும் அலுமாரியின் நடுத்தட்டுதான் ஓரளவு ஒரே சூட்டில் இருக்கும். ஜூன், ஜூலை மழை தொடங்கினால் வாரம் ஒருமுறை திறந்து ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள்.